ஒரே நீளமாக ஊதிய சங்கு

போன மாதம் ஓர் இளம் அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியை மாற்றிவிட்டார்களாம். திருவண்ணாமலையில் பழைய அபாயச் சங்குகளை இறக்கிவிட்டுப் புதிய கருவிகளை ஏற்றுகிறார்கள், அதையொட்டி ஒரு மலர் வெளிவருகிறது, ஓய்வு பெற்றவர்களின் அனுபவமும் அதில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேலிடம் நினைக்கிறது என்றார்.

"ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்."

"சங்கைப் பத்தி பாசிட்டிவா என்னங்க எழுதறது?"

அவர் சிரித்தார். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. பாசிட்டிவாகவும் வரவில்லை. மலரில் இது வராது என்று தெரிந்தே முழுதாக எழுதுகிறேன். துறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வைத்துச் சுழலும் சைரனுக்கு எங்கள் பக்கத்தில் சங்கு என்று பெயர். கோயிலில் ஊதுவதும் சங்கு, பிணத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவதும் சங்கு, மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டச் சொல்வதும் சங்கு. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தால் அது எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாது.

புதிய கருவி பேசுமாம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், ஒரு செயல்முறை விளக்கம் நடந்தது, மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பத்தின் உச்சியில் நான்கு கொம்புகள். உள்ளிருந்து ஒரு பெண் குரல், "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தது. நல்ல உச்சரிப்பு. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை நெடுக ஒலிபெருக்கிகள் இதே கனிவான கவனத்தைத்தான் விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பர்ஸ் பத்திரம், செயின் பத்திரம், சிவப்புச் சட்டை போட்ட குழந்தை காணவில்லை. அந்தச் சொற்கள் காதில் விழுந்தாலே காது தானாக மூடிக்கொள்ளும் ஊர் இது. வெள்ளம் வருகிறது என்ற செய்தியை அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். எங்கள் துறையில் ஒன்றைக் குறித்துக்கொண்டால் அது முடிந்துவிட்டது என்று பொருள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, ஒலியைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்போடு வேலைக்கு வந்தேன். ஓடவிட்டார்கள், கயிறு ஏறவிட்டார்கள், பலவகை முடிச்சுகள் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அவிழ்ப்பது பாடத்தில் இல்லை. அதை அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன்.

பிறகு சங்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சங்குக்கு இரண்டே ஒலிகள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் அபாயம். ஏறி அப்படியே நின்று ஒரே நீளமாக ஒலித்தால் அபாயம் நீங்கியது. ஏற்றி இறக்குவதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. ஸ்டார்ட்டரில் பச்சையை அழுத்த வேண்டும், சக்கரம் வேகம் பிடித்துக் குரல் உச்சிக்குப் போனதும் சிவப்பை அழுத்த வேண்டும், குரல் முனகலாக இறங்கி முழுதாகச் சாவதற்குள் மறுபடியும் பச்சை. கை பழக வேண்டும். காது அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். அதிகம் செய்தால் ஸ்டார்ட்டர் சூடேறித் தானாக நின்றுவிடும். அதனால் ஏறி இறங்கும் ஒலியை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஒத்திகை எப்போதாவது நடக்கும்.

தினமும் ஒலித்தது மற்றது. காலையில், மதியத்தில், இரவில், நேரம் சொல்வதற்காக ஒரே நீளமாக. அபாயமே வராமல் அபாயம் நீங்கியது என்று நாளுக்கு மூன்று தடவை அறிவித்துக்கொண்டிருந்தோம். ஊரும் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது. அந்த நேரங்களைத் தவிர்த்து வேறு நேரத்தில் நீளமாக ஊதினால் மட்டும் ஜனங்கள் தெருவுக்கு வருவார்கள். யாராவது பெரிய தலைவர் செத்துப் போனால்தான் அப்படி ஊதுவது வழக்கம். "யாரு பூட்டாங்க?" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கேட்பார்கள். விதிப் புத்தகத்தில் இல்லாத மூன்றாவது பொருள் இது. ஊர் முழுவதும் அறிந்த பொருளும் இது ஒன்றுதான்.

எனக்கு மேலே இருந்தவர் தனசேகரன். மெலிந்த உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டை. யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. சங்குக் கொட்டகையில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் நவுருங்க" என்பார், அதுவும் நகரும். வாரத்தில் ஒரு நாள் ஊரில் இருந்த மூன்று சங்குகளையும் பார்க்கப் போவார். கோபுரத்தில் ஏறி, கைக்குட்டையைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு பேரிங்கைத் தடவிப் பார்ப்பார். கைக்குட்டை கறுத்தால் பேசமாட்டார். கிரீஸ் டப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தானே போடுவார். அந்த மௌனத்துக்குப் பயந்து நான் முதல் நாளே போய்த் துடைத்து வைத்துவிடுவேன். அதையும் கண்டுபிடிப்பார். "நேத்து தொடச்ச பேரிங் இதுங்க. வாராவாரம் தொடைக்கற பேரிங் இப்டி இருக்காது."

ஒரு நாள் மதியச் சங்கை ஊதிய கொட்டகைக் காவலர் நடுவில் கை தவறிச் சிவப்பைத் தொட்டுவிட்டார். குரல் கொஞ்சம் தொங்கி மறுபடி எழுந்தது. சந்தையில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பியிருக்கமாட்டார்கள். தனசேகரன் அந்தக் காவலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "சத்தம்ங்கறது கையெழுத்து மாதிரிங்க. ஒரு நாளைக்கு ஒரு விதமா போட்டா செக்கு திரும்பி வந்துடும்." அவர் இருந்தவரை மதியச் சங்கு தொங்கவில்லை.

ஏழுமலை எங்களிடம் வந்தது ஒரு புகாரோடு. செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் விடுதி ஒன்றில் அவருக்கு வேலை. அறை பெருக்குவது, தண்ணீர் கேன் தூக்குவது, ஆட்டோ பேசிவிடுவது. காலைச் சங்கு தியானத்தைக் கெடுக்கிறது, சத்தத்தைக் கம்மி பண்ண முடியுமா என்று விடுதியில் ஒரு அம்மா கேட்டு அனுப்பியிருந்தார்.

"சங்கை மெதுவா ஊத முடியாதுங்க," என்றார் தனசேகரன். "வேணும்னா அவங்களை மெதுவா கேக்கச் சொல்லுங்க."

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். போகாமல் நின்று, சங்கு எப்படிச் சத்தம் போடுகிறது, உள்ளே என்ன சுற்றுகிறது என்று கேட்டார். தனசேகரன் அவரைக் கோபுரத்துக்கே ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை அது. ஏழுமலையின் வீடு மதகடியில் இருந்தது. ஊருக்கு வெளியே ஓர் ஏரி, கரைக்குக் கீழே மதகை ஒட்டி மூன்று தெருக்கள், அதுதான் மதகடி. மூன்று சங்குகளில் ஒன்று அங்கே இருந்தது, ஏரிக்காகவே வைத்தது.

அந்த ஆண்டு தன்னார்வலர் பயிற்சி என்று ஒரு ஆணை வந்தது. மதகடிக்கு மேலே, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்தேன். டீயும் போண்டாவும் உண்டு என்று சொல்லியிருந்ததால் கூட்டம் இருந்தது. போண்டா தீர்ந்ததும் ஏழுமலை மட்டும் இருந்தார்.

"ஏறி எறங்குனா ஓடிடணும். நீளமா ஊதுனா வூட்டுக்குப் போலாம். கரெக்டா சார்?"

"கரெக்ட்."

"யாரையும் கேக்க வாணாமா?"

"அதுக்குத்தாங்க சங்கு. கேக்காம தெரிஞ்சுக்கறதுக்கு."

பாடம் அவ்வளவுதான். வகுப்பு எடுத்தவன் ஒருவன், படித்தவர் ஒருவர். நூறு சதவீதத் தேர்ச்சி என்று அறிக்கை அனுப்பினேன்.

கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்த மழை அந்த முறை விடவில்லை. ஏரி நிரம்பியது, வழிந்தது, பிறகு மதகுக்குப் பக்கத்தில் கரை கசிய ஆரம்பித்தது. மணல் மூட்டை அடுக்கினார்கள். ஒரு நாள் மதியம் ஏரிக்கரையிலிருந்த பொறியாளர் ஆள் அனுப்பினார்: கரை தாங்காது, ஜனங்களைக் கிளப்புங்கள். தனசேகரனும் நானும் ஓட்டுநரும் ஜீப்பில் போனோம். செல்போன் இருந்த காலம்தான். மழையில் செல்போன் கோபுரம் செத்துக் கிடந்தது.

கொட்டகைக்குள் போனதும் அவர் சட்டைக் கையை மடக்கினார். அவர் முழங்கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பச்சை, சிவப்பு, பச்சை. மதகடிச் சங்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி அழுதது. புத்தகத்தில் எழுதியிருப்பது போல, ஒரு பிசகு இல்லாமல். நான் வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வீட்டுக் கதவைத் தவிர வேறு ஒரு கதவும் திறக்கவில்லை. தகரக் கூரைகளின் மேல் மழை அடிக்கும் சத்தம் வேறு. ஓட்டுநர் முதல் தெருவில் இறங்கிக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்: "டேய், டி.வி.யை நிறுத்துடா, கரண்டு ஏறி எறங்குது!" பிறகு தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். அப்பாடா என்றிருந்தது. அவர் மேட்டுக்குப் போகவில்லை. கரையை நோக்கி, நேராகக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

"எங்கங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"ஃபேஸு வந்து வந்து போவுது சார். பாருங்க, உங்க சங்கே இழுத்துக்கினு கெடக்குது. மோட்டார் எரிஞ்சிடும், ஃபீஸைப் புடுங்கிட்டு வந்துடறேன்."

அதை அவர் எனக்கு உதவியாகச் சொன்னார். உங்கள் சங்கையும் நிறுத்திவிடுங்கள், மோட்டார் காயில் எரிந்துவிடும் என்று அக்கறையோடு எச்சரித்தார்.

எனக்கு அப்போது புரிந்தது, படித்த இயற்பியலால் அல்ல. இந்த மாவட்டத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் மும்முனை மின்சாரத்தை நம்பி விளைகின்றன. மோட்டார் ஏறி இறங்கி முனகினால் ஒரு முனை போய்விட்டது என்று தொட்டில் பிள்ளைக்குத் தெரியும். நாங்கள் அபாயம் என்று வைத்திருந்த ஒலி அவர்கள் காதில் பழுது என்று விழுந்தது. ஏரி உடையப் போகிறது என்று சங்கு கத்தக் கத்த, பாவம் சங்குக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள்.

அவரைக் கையைப் பிடித்துத் திருப்பி மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். தனசேகரனிடம் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"ஒருத்தர்கூடவா மேல போகல?"

"ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு சார். ஏழுமலை. அவங்க அம்மா, சம்சாரம், கைக்கொழந்தை."

"அவரு போவாரு," என்றார். ஸ்டார்ட்டரிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. இன்னும் ஒரு தடவை ஏற்றி இறக்கினார். பிறகு நிறுத்தினார். கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும்.

"நீளமா விட்டா வெளிய வருவாங்க, இல்லீங்களா?"

"வருவாங்க சார். ஆனா அது..."

"அது என்னன்னு எனக்குத் தெரியுங்க."

பச்சையை அழுத்தினார். கையை எடுத்துவிட்டார். குரல் எழுந்து உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. அவர் ஸ்டார்ட்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவுகள் திறந்தன. முதலில் ஒன்று, பிறகு வரிசையாக. மதகடி முழுவதும் மழையில் வந்து நின்றது. "யாரு பூட்டாங்க? பெரியவரா? டி.வி.ல ஒண்ணும் சொல்லலியே!" நான் ஒரு பக்கமும் ஓட்டுநர் ஒரு பக்கமுமாகத் தொண்டை கிழியக் கத்தினோம். "யாரும் போகலங்க! ஏரி ஒடையுது! பள்ளிக்கூடத்துக்குப் போங்க!" சொன்னதும் போனார்கள். ஆடு, அண்டா, பாட்டி, டி.வி. என்று தூக்கிக்கொண்டு பெரிய தெரு வழியாக மேட்டுக்கு ஏறினார்கள். கத்திக் கூப்பிட மனிதர்கள் எதிரில் வேண்டும். அந்த நீண்ட சங்கு அவர்களை எதிரில் கொண்டுவந்து நிறுத்தியது.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஏழுமலை, ஊரே ஏறி வருவதைப் பார்ப்பார் என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து மதகடிக்கு இரண்டு வழி. பெரிய தெரு ஒன்று. பின்பக்கம் கரும்புத் தோட்டத்து வரப்பு ஒன்று, குறுக்கு வழி. ஊர் முன்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தபோது ஏழுமலை தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

கரை உடைந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுவது போல இருந்தது. நாங்கள் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினோம். முதல் தெருவில் ஒரு வீடும் மிஞ்சவில்லை, இரண்டாம் தெருவில் பாதி. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் மேட்டில் நின்று தங்கள் கூரை போவதைப் பார்த்தார்கள். மறுநாள் தண்ணீர் வடிந்தபோது கரும்புத் தோட்டத்து முள்வேலியில் ஏழுமலையும் அவர் அம்மாவும் இருந்தார்கள். பிடித்த கையை அவர் விட்டிருக்கவில்லை.

வேறு யாரும் சாகவில்லை. பாடம் படித்தவர் ஒருவர், அவர் மட்டும்தான்.

மூன்றாம் நாளே பேச்சு கிளம்பியது. ஊரே மேலே ஓடும்போது இவன் ஏன் கீழே போனான்? குடித்திருந்தான் என்றார்கள். பீரோவில் ஏதோ வைத்திருந்தான், எடுக்கப் போனான் என்றார்கள். விடுதியில் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து கண்ணை மூடி உட்கார்ந்து புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஏழுமலையின் தம்பி பெருமாள் அதே மதகடியில் மூன்றாம் தெருவில் இருந்தார். நீண்ட சங்கைக் கேட்டு வெளியே வந்து, மனைவி பிள்ளைகளோடு தப்பியவர். "எங்கம்மாவைக் கூட்டிக்கினு போயி கொன்னுட்டான்" என்று அண்ணன் பிணத்தின் முன்னாலேயே சொன்னார்.

அலுவலகத்தில் நடந்தது வேறு. தனசேகரனுக்குப் பதினேழு-பி கொடுத்தார்கள். அரசு ஊழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. அபாய நேரத்தில் அபாயம் நீங்கிய ஒலியை எழுப்பினார் என்பது குற்றம். அதே சமயம், மேலே இருந்தவர்களுக்கு அவரைத் தண்டிக்க ஆசை இல்லை. ஒரு ஊரைக் காப்பாற்றியவரைத் தண்டித்தால் பத்திரிகையில் வரும். ஒரு மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்தார்.

"நீங்கதான் டிராஃப்ட் நல்லா போடுவீங்களே. அது அபாயம் நீங்குன சத்தமே இல்ல, தொடர் எச்சரிக்கைன்னு எழுதுங்க. தன்னார்வலர் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாருன்னு ஒரு வரி. ஃபைலை க்ளோஸ் பண்ணிடலாம்."

எழுதினேன். 'தொடர் எச்சரிக்கையாக எழுப்பப்பட்ட ஒலியை மறைந்த தன்னார்வலர் தவறாகப் பொருள் கொண்டதே இத்துயர நிகழ்வுக்குக் காரணமாகும்.' இன்றைக்கும் அதில் ஒரு இலக்கணப் பிழை காண முடியாது. தனசேகரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டால் போதும், விசாரணை முடிகிறவரை வெளியே யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, விதி இது என்று சொன்னேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "காரியத்துக்குப் போயிட்டு வந்துடலாங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனோம். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மேட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் ஒரு மூச்சு இழுத்து நீளமாக ஊதினார். தனசேகரனின் கை முழங்கைப் பக்கம் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஏழுமலையின் மனைவி வளர்மதி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். இடுப்பில் குழந்தை. சின்ன வயசு. அழுது முடித்த முகம்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாங்க பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்தோம். சங்கு நீளமா ஊதுச்சு. போலாமான்னு கேட்டேன். நீளமா ஊதுனா முடிஞ்சிதுன்னு அர்த்தம், கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க, நீ புள்ளைய வெச்சிக்கினு மழை வுட்டதும் வா, அம்மா ஈரத்துல நடுங்குது, நான் இட்டுக்கினு போறேன்னாரு. இங்க எல்லாரும் இன்னா இன்னாவோ பேசறாங்க. அவரு சரியாத்தானே கேட்டாரு?"

கிராம நிர்வாக அலுவலர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் தனசேகரனின் கையைத் தொட்டேன். சட்டைப்பையில் இருக்கிற வரி எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லவும் வேண்டாம், பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தால் போதும்.

"சரியாத்தாங்க கேட்டாரு," என்றார். "நீளமா ஊதுனா முடிஞ்சிதுன்னுதாங்க அர்த்தம். முடியறதுக்கு முன்னால ஊதுனது நான்."

கூட்டத்தில் சாக்குத் தலைக்காரர் எழுந்தார். "சார், நீங்க அப்டி ஊதலைன்னா நாங்க யாரும் இங்க குந்திக்கினு இருக்க மாட்டோம் சார்!"

"அதுவும் சரிதாங்க," என்றார் தனசேகரன்.

அவ்வளவுதான் பேசினார். திரும்பி வரும் வழியில் என் வரியைப் பையிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. வேற யாருக்காவது ஆகும்."

விசாரணை வேங்கிக்காலில் நடந்தது. மதகடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். சார் ஊதியதால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டு, குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாத சாட்சியம் என்று ஒதுக்கினார். விதிப்படி அவர் செய்தது சரி. குற்றச்சாட்டு, ஊதியதால் யார் பிழைத்தார்கள் என்பதல்ல, எந்த ஒலி, என்ன பொருள் என்பதுதான். அதற்குத் தொடர்புள்ள சாட்சி ஒருவர்தான் இருந்தார். வளர்மதியைக் கூப்பிட்டார்கள். கணவர் என்ன கேட்டார், என்ன சொன்னார், அது சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"சாரே சொன்னாரு. எல்லார் எதிர்லயும் சொன்னாரு," என்றார் வளர்மதி.

அந்தச் சொல்லின் மேல்தான் தீர்ப்பு நின்றது. தனசேகரனுக்குக் கட்டாய ஓய்வு. ஆணை வரச் சில மாதம் ஆனது, ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்கே தெரியும்.

அவரும் நானும் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெருமாள் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். காரியத்துக்குப் பிறகு அவர் அண்ணன் வீட்டோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். வளர்மதி குழந்தையோடு வெளியே வந்தார். பெருமாள் தயங்கித் தயங்கிக் கிட்டே போனார்.

"இன்னா கேட்டாங்க அண்ணி?"

"உங்கண்ணன் எதைக் கேட்டாருன்னு கேட்டாங்க. சொன்னேன்."

பெருமாள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

வளர்மதி எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். "நான் சொன்னது உங்களுக்கு எதிரா பூடுமா சார்?"

"போகுங்க," என்றார் தனசேகரன். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. "ஆனா யாராவது வந்து கேட்டா மாத்திச் சொல்லாதீங்க."

"மாத்த மாட்டேன்." பெருமாள் பக்கம் கையைக் காட்டினார். "சார், இவரு பொண்டாட்டி புள்ளைங்க பொழச்சது அந்தச் சங்காலதான். எங்க வூட்டுக்காரர் போனதும் அந்தச் சங்காலதான். மறுபடியும் அப்டி ஒரு மழை வந்து, அதே மாதிரி யாரும் வெளிய வரலைன்னு வெச்சிக்கோங்க. எதை ஊதுவீங்க?"

நான் தனசேகரன் சார்பில் பதில் தேடினேன். துறையில் அதற்கென்றே வாக்கியங்கள் இருக்கின்றன. சூழ்நிலையைப் பொறுத்து, உரிய ஆலோசனைக்குப் பின், மேலிட வழிகாட்டுதலின்படி. தனசேகரன் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"அதையேதாங்க ஊதுவேன்."

வளர்மதி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையை அசைத்தார். சரி என்று அசைத்தாரா, தெரிந்துகொண்டேன் என்று அசைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. வளர்மதியின் அம்மா வீடு அங்கே. பெருமாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், வளர்மதி பின்னால் போனார்.

பஸ் கிளம்பும்வரை தனசேகரன் உட்காரவில்லை.